ஜெராக்ஸ் கடை அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி, போனில் ஆடுகிற மாதிரி நான் போட்ட குமரி வினாடி வினா நேற்று ராத்திரி ஒருவழியாக ஓடி முடிந்தது. படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. கேள்விகளைப் பிரிண்ட் எடுக்கத்தான் போனேன். வெளியே வந்த தாளை எடுத்து வாசித்தவர், "மக்ளே, வள்ளுவர் சிலைக்க உயரம் மட்டுமா, பீடமும் சேத்தா?" என்று கேட்டார். சிலை 95 அடி, பீடம் 38 அடி, சேர்த்து 133. விடைகளில் 95-ம் இருந்தது, 133-ம் இருந்தது. அதற்கு முன்னால் பார்த்த நண்பர்கள் எல்லோரும் 'சூப்பர்' என்று அனுப்பிய கேள்வி அது!

லிங்க்கைக் கேட்டு வாங்கி, கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தன் பழைய போனில் முழுவதும் ஆடிப் பார்த்திருக்கிறார். மறுநாள் போனால், அச்சு கெட்ட தாள்களின் பின்பக்கம் பூராவும் பென்சில் குறிப்புகள். மாத்தூர் தொட்டிப்பாலம் படம் வருவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. நாலாவது விடை திரைக்குக் கீழே போய்விடுகிறது. தாலுகா எத்தனை என்றால் அந்தக் காலத்தில் படித்தவர்கள் 4 என்பார்கள். திருவட்டாறும் கிள்ளியூரும் வந்தபிறகு 6, அதனால் 'இப்போது' என்று போட வேண்டும். கடைசியில் ஒரு வரி: "எது நீளமா இருக்கோ அதுதான் விடை. வாசிக்காமலே நிறைய சரியாப் போட்டேன்."

உண்மைதான். சரியான விடையைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறோம், தப்பு விடைகளை அவசரத்தில் ஒப்பேற்றுகிறோம். ராத்திரியோடு ராத்திரியாக எல்லா விடைகளையும் ஒரே அளவுக்கு வெட்டினேன். சோதித்துப் பாருங்கள் என்றால் பெரும்பாலானவர்கள் மார்க்கைத்தான் அனுப்புகிறார்கள். எந்த இடத்தில் நின்று யோசித்தோம் என்று எழுதித் தந்தவர் அவர் ஒருவர்தான். பிரிண்டுக்குக் காசைக் கறாராக வாங்கிக்கொண்டார். இந்த வேலைக்கு ஒரு டீ வாங்கித்தரக்கூட விடவில்லை.

அப்புறம், விடிய விடிய உட்கார்ந்து வினாடி வினாவின் இணையப் பக்கத்தைச் சரிசெய்த மருமகன். குளச்சல் போரின் தேதி பழைய காலண்டருக்கும் புதுசுக்கும் மாறும், 1741 என்று ஆண்டை மட்டும் கேள் என்ற ஓய்வுபெற்ற சார். சிக்னல் கிடைக்காத இடத்தில் ஆடிப் பார்த்து, பாதியில் நின்றால் மார்க் அழிந்துபோவதைச் சொன்ன முட்டத்துத் தம்பிகள். தோவாளையில் பூ கட்டிக்கொண்டே கேள்விகளைக் கேட்டுப் பதில் சொன்ன சித்தி. துபாயிலிருந்து இரண்டாவது போனிலும் ஆடி ஜெயித்துவிட்டு, 'இப்படியும் செய்யலாம்டே' என்று காட்டிக்கொடுத்த நண்பன். எல்லோருக்கும் நன்றி.

அடுத்ததும் நவம்பர் 1-ஐ ஒட்டித்தான், 1956-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள். இனி எந்தக் கேள்வியும் முதலில் அக்கா கடைக்குத்தான் போகும், சூப்பர் சொல்கிறவர்களுக்கு அப்புறம்தான். மார்த்தாண்டம், களியக்காவிளைக்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நாகர்கோவில் பக்கத்துக் கேள்விகள் கூடிப்போய்விட்டன, மேற்கே உள்ளதை நீங்களே எழுதி அனுப்புங்கள். தப்பு விடைகளையும் சேர்த்து.