ரெஸ்யூமேயில் எல்லோரும் எழுதும் அதே வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது, எப்படி உடுத்துவது என்று வேலைவாய்ப்புப் பக்கத்தில் நிறைய எழுதுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவாவது ரெஸ்யூமேயைப் பார்த்துத்தானே? அதன் தலைப்பகுதியில் ஆப்ஜெக்டிவ் என்று, வேலை தேடுபவரின் நோக்கத்தைச் சொல்லும் இரண்டு மூன்று வரி வருமே, அதைப் பற்றியும் எழுதுங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். 'சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்.' கணக்காளர் வேலைக்கும் இதே வரி, நர்ஸ் வேலைக்கும் இதே வரி. பெயரை மறைத்துவிட்டால் யாருடையது என்றே தெரியாது. பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை, சீனியரிடமிருந்து வாங்கிய மாதிரியிலேயே அந்த வரி இருக்கிறது, பெயரையும் போன் நம்பரையும் மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், அதில் உங்களால் என்ன செய்ய முடியும், அதை நாங்கள் எதை வைத்து நம்புவது, இவ்வளவுதான் அங்கே வேண்டும். 'வணிகவியல் பட்டதாரி. தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சியில் பில்களைச் சரிபார்த்து வங்கிக் கணக்கோடு ஒப்பிட்ட அனுபவத்துடன் இளநிலைக் கணக்காளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்' என்று எழுதிப் பாருங்கள். இதில் பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனாலும் ஆளைக் கூப்பிட்டு அந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்கத் தோன்றும். கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்றெல்லாம் தன்னைத்தானே சொல்லிக்கொள்வதை நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது?

விளம்பரத்தில் பதவிக்கு என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதையே எழுதுவது நல்லது. பல நிறுவனங்களில் மனிதர் பார்ப்பதற்கு முன்பே ஒரு மென்பொருள் விண்ணப்பங்களைச் சலித்துவிடுகிறது, அது விளம்பரத்தில் உள்ள சொற்களைத்தான் தேடும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் இந்த வரிகளை மாற்றி எழுதத்தான் வேண்டும். அப்படி மாற்றும்போது பழைய நிறுவனத்தின் பெயர் அப்படியே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அடிக்கடி வருகிறது.

பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கு ஆப்ஜெக்டிவ் தேவையில்லை, செய்த வேலைகளின் சுருக்கமே போதும். புதிதாக வருபவர்களுக்கும் துறை மாறுகிறவர்களுக்கும்தான் இது உதவும். குறிப்பாக, குழந்தை வளர்ப்புக்காகவோ வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளவோ வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வருபவர்கள் அந்த இடைவெளியை ஒளிக்கப் பார்க்கிறார்கள். ஒளித்தால்தான் சந்தேகம் வரும். 'குடும்பப் பொறுப்புக்காக மூன்று ஆண்டு இடைவெளி, இந்த ஆண்டு மென்பொருள் சோதனைப் பயிற்சி முடித்துத் திரும்புகிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் படிப்பவர் மேற்கொண்டு ஊகிக்க ஒன்றுமில்லை.

வாரம் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டு, இப்படி ஒரு நல்ல மாதிரியை உங்கள் பக்கத்தில் வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் வாசகர்