லூவரில் நீ பார்க்க வேண்டிய படம்

அன்பு மகளுக்கு,

பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போனேன் என்று நீ சொன்னபோதெல்லாம் மோனலிசா முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பற்றித்தான் சொன்னாய். அடுத்த முறை அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு, அதே தெனோன் பகுதியில் இருக்கும், இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘கன்னி மரியாளின் மரணம்’ ஓவியத்தைப் போய்ப் பார். நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அசல் மூன்றரை மீட்டருக்கும் மேல் உயரம்.

மாதாவின் மரணம் என்றால் வானம் திறக்கும், தேவதூதர்கள் இறங்குவார்கள் என்று எதிர்பார்ப்போம். இதில் அதெல்லாம் இல்லை. வெறும் அறை, மேலே ஒரு பெரிய சிவப்புத் திரை, கீழே சிவப்பு உடையில் மாதா. உடல் உப்பியிருக்கிறது, கை துவண்டு கிடக்கிறது, பாதங்களை மூடக்கூட இல்லை. மெல்லிய ஒளிவட்டம் ஒன்றுதான் அவர் யாரென்று சொல்கிறது.

ரோமில் டிராஸ்டெவெரேயில் உள்ள கார்மேல் சபைத் துறவிகளின் ஆலயத்துக்காக லாயெர்சியோ கெருபினி என்ற வழக்கறிஞர் வரையச் சொன்ன படம் இது. துறவிகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். உப்பிய உடலும் வெறுங்காலும் அவர்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டதாம். எனக்கு அதைவிட மரியாதை இருக்க முடியாது என்றே தோன்றுகிறது. செத்துப்போன ஒரு தாயை, நாம் வீட்டில் பார்ப்பது போலவே பார்த்திருக்கிறார் கரவாஜியோ. நல்லவேளை, ரூபன்ஸ் என்ற ஓவியர் அதன் அருமை தெரிந்து, 1607-ல் இத்தாலியின் மாண்டுவா கோமகனை வாங்க வைத்தார்.

சரி, நான் உன்னைப் பார்க்கச் சொல்வது முன்னால் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருக்கும், இயேசுவின் சீடரான மகதலா மரியாவை. இடுப்போடு மடிந்து குனிந்திருக்கிறாள், முகமே தெரியவில்லை. பின்னிய தலைமுடியும் வெளிச்சம் விழும் பிடரியும்தான் தெரிகின்றன. காலடியில் ஒரு செம்புப் பாத்திரம், உடலைக் கழுவ வைத்தது. பின்னால் திருத்தூதர்கள் அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவரும் அவளிடம் அழாதே என்று சொல்லவில்லை.

ஆச்சி போனபோது உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. போனில் எங்களுக்குத்தான் நீ ஆறுதல் சொன்னாய், நீ அழவே இல்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அங்கே நின்று அழுகை வந்தால் அழுதுவிடு அம்மா, யார் பார்த்தால் என்ன.

அப்புறம், அம்மாவுக்கு ஒரு போன் போடு. ஆச்சியைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா