வீட்டுப்பாடம் டைரிக்குத் திரும்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளிடம் செல்போன் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார், பள்ளி ஆண்டு விழா மேடையிலும் சொல்கிறார்கள். கொடுக்கக் கூடாது என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். ஆனால் வீட்டுப்பாடமே போனில்தான் வருகிறது. அப்புறம் எப்படிக் கொடுக்காமல் இருப்பது?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகன் ஐந்தாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு, இருவரும் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் வரும். போன் என்னிடம் இருக்கும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் நான் வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகிவிடும். தூங்க வேண்டிய நேரத்தில்தான் பிள்ளைகள் நோட்டைத் திறக்கிறார்கள்.

'ஓகே மிஸ்' என்று வரிசையாக வந்து கிடக்கும் பதில்களுக்கு நடுவில் அந்தப் படத்தைத் தேடி எடுக்க வேண்டும். கரும்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பியிருப்பார்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பாதி எழுத்து தெரியாது. மகன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து ஒரு வரி எழுதுவான். அடுத்த வரிக்கு நிமிர்வதற்குள் திரை அணைந்துவிடும். மறுபடி பேட்டர்ன் போட்டுத் திறந்தால், மேலே ஏதாவது ஒரு வீடியோவுக்கு நோட்டிபிகேஷன் வந்து நிற்கும். பத்து வயதுப் பையன் அதைத் தொடாமல் எப்படி இருப்பான்? கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய எழுத்து வேலை பத்தரை மணி வரை இழுக்கிறது.

கூகுள் ஃபேமிலி லிங்க் என்ற ஆப்பைப் போடுங்கள், பிள்ளையின் போனை நேரம் வைத்துப் பூட்டலாம் என்று படித்தவர்கள் யோசனை சொல்கிறார்கள். பிள்ளைக்கென்று தனிப் போனோ டேப்லெட்டோ இருந்து, அதில் பிள்ளையின் பெயரில் கணக்கு இருந்தால்தான் அது உதவும். எங்களைப் போன்ற வீடுகளில் பிள்ளை பார்ப்பது அம்மாவின் போனை, அம்மாவின் கணக்கில். நான் செய்வது வேறு. வீட்டுப்பாடப் படத்தை கேலரியில் சேமித்துவிட்டு, அந்த ஒரு ஆப் மட்டும் திரையில் நிற்கும்படி 'பின்' (pin) செய்து கொடுக்கிறேன். பல ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் இந்த வசதி இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிட்டால் பிள்ளையால் வேறு ஆப்புக்குப் போக முடியாது. மற்ற தாய்மார்களும் செய்து பார்க்கலாம். ஆனாலும் இது ஒட்டுப் போடுகிற வேலைதான்.

இரண்டாம் வகுப்பு மகளுக்கும் இதே பாடு என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. 1, 2-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையிலும் அதுதான் இருக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கே 2 மணி நேரம்தான் என்றும் அதில் உள்ளது. எங்கள் குரூப்பில் சின்ன வகுப்புக்கு எழுத்து வேலை போதாதென்று, பிள்ளை பாட்டுப் பாடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். எடுத்த வீடியோவைத் தானே பத்துத் தடவை போட்டுப் பார்க்காமல் அவள் போனைத் திருப்பித் தருவதில்லை.

ஆசிரியைகளை நான் குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது இந்தக் குரூப்தான் பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றியது. அன்றைக்கு அது வேண்டியிருந்தது, சரி. பள்ளிகள் திறந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஏன் அதே வழி? பிள்ளைகள் பையில் டைரி இருக்கிறது, அதற்குப் பணமும் கட்டியிருக்கிறோம். கடைசி மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால், வீட்டுப்பாடத்தைப் பிள்ளைகளே பலகையைப் பார்த்து டைரியில் எழுதிக்கொள்வார்கள். சாயங்காலம் பாட்டியை வைத்துக்கொண்டே முடித்தும்விடுவார்கள்.

விடுமுறை அறிவிப்பு, வேன் தாமதம், கட்டணத் தேதி இவற்றுக்குக் குரூப் இருக்கட்டும். தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் அது வந்தால், அந்த வருட டைரியிலாவது முதல் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
திருப்பூர்.