எங்கள் ஆயுள் சோதனைகளில் கரிப்படிவு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

விண்கலங்களைச் செலுத்தும் அயனி உந்திகளின் முடுக்கு வலைகளையும் (அயனிகளை விரைவாக்கி வெளியேற்றும் துளைத்தகடுகள்) ஹாலோ கேத்தோடுகளையும் (எலக்ட்ரான்களை உமிழும் குழல் வடிவ மின்வாய்கள்) ஆயுள் சோதனைக்காக எங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் உங்களுக்கு எங்கள் வேலையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆயினும், எங்கள் வெற்றிடக் கலன்களில் வலைகளின் தேய்மானம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிகிறது என்றும், அதை அறிந்தே மறைக்கிறோம் என்றும் முன்னாள் வாடிக்கையாளர் ஒருவர் கூறிவருவது உங்களில் பலரை எட்டிவிட்டது. முதல் பாதியை நாங்கள் மறுக்கவில்லை. இரண்டாம் பாதி எங்களை மிகவும் புண்படுத்தியது.

உந்தியிலிருந்து பாயும் செனான் அயனிகள் கலனின் சுவரில் மோதி அணுக்களைப் பெயர்த்தெடுக்கின்றன. உலோகத்தைவிடக் கிராஃபைட் மிகக் குறைவாகவே பெயரும் என்பதால்தான் சுவர்களுக்குக் கிராஃபைட் பலகைகளைப் பதித்திருக்கிறோம். அப்படியும் கிராஃபைட்டிலிருந்து பெயர்ந்த சிறிதளவு கரி திரும்பி வந்து வலையின் மேல் படிகிறது. வேக அயனி ஒன்று நடுநிலைச் செனான் அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் மின்சுமைப் பரிமாற்றத்தால் உருவாகும் மெது அயனிகள் வலையின் மாலிப்டினத்தை அரிப்பதற்கு முன் அந்தக் கரியை அகற்ற வேண்டியிருப்பதால், தேய்மானம் குறைந்து தோன்றுகிறது. விண்வெளியில் சுவர் இல்லை, கரியும் இல்லை. ஆனால் கலனில் எவ்வளவு பம்ப் செய்தாலும் எஞ்சி நிற்கும் செனான், அதே பரிமாற்ற அயனிகளைக் கூட்டித் தேய்மானத்தை மிகைப்படுத்தவும் செய்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. அதனாலேயே படிவின் வேகத்தை, படியும் பொருளின் எடையை உணரும் குவார்ட்ஸ் படிக உணரியால் அளந்து, எஞ்சிய வாயுவின் பின்னணி அழுத்தத்தையும் பதிந்து, இரண்டையும் ஒவ்வோர் அறிக்கையிலும் தனித்தனியாகத் தருகிறோம். மறைக்க நினைப்பவர் இதற்கென்று ஓர் உணரியைப் பொருத்தி வைப்பாரா என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இரண்டாம் கலனின் உணரி பழுதாகி மாற்றப்பட்ட பதினொரு வாரங்களுக்குரிய அறிக்கைகள் மட்டும் திருத்தி அனுப்பப்படும்.

சோதனையை விரைவுபடுத்தித் தாருங்கள் என்ற கோரிக்கையும் அதே முன்னாள் வாடிக்கையாளரிடமிருந்து வந்ததுதான். கேத்தோடின் நுண்துளை டங்ஸ்டனில் ஊறியிருந்து எலக்ட்ரான் உமிழ்வை எளிதாக்கும் பேரியம், வெப்பநிலை உயர்ந்தால் விரைவில் தீரும் என்பது உண்மையே. ஆனால் அவ்வாறு தீர்த்துக் காட்டுவது பயணத்தில் நடக்கப்போகும் அதே வேதிவினையைத்தான் காட்டுகிறது என்று எங்களால் கையெழுத்திட முடியாது. டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்துக்கான என்ஸ்டார் அயனி உந்திக்கு உதிரியாக வைத்திருந்த உந்தியை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் 1998 முதல் 2003 வரை 30,352 மணி நேரம் இயக்கிய பிறகே, கேத்தோடைக் காக்க வேண்டிய கீப்பர் மின்வாய் எவ்வளவு மோசமாக அரிக்கப்படும் என்பது தெரிந்தது. பின்னர் வந்த வடிவமைப்புகளில் அதைக் கிராஃபைட்டில் செய்யத் தொடங்கினார்கள். 2005இல் நாசா கிளென் மையம் தொடங்கிய நெக்ஸ்ட் என்ற அயனி உந்தியின் சோதனை 51,000 மணி நேரத்தையும் 900 கிலோ செனானையும் கடந்தது. அத்தனை பெரிய நிறுவனங்களே காத்திருந்த இடத்தில் நாங்கள் குறுக்கு வழி தேட விரும்பவில்லை.

செனானைப் பற்றியும் ஒரு சொல். காற்றில் கோடியில் ஒரு பங்கு கூட இல்லாத அந்த வாயு, பெரும் ஆக்சிஜன் ஆலைகளின் துணைப்பொருளாகவே கிடைப்பதால், தட்டுப்பாடு வரும்போது எங்களைப் போன்ற சிறிய நிறுவனங்களே முதலில் பாதிக்கப்படுகின்றன. வரும் காலாண்டிலிருந்து செனான் செலவு சோதனைக் கட்டணத்தில் சேராமல் தனியாகக் கணக்கிடப்படும்.

சென்ற ஆண்டு மின்தடையால் ஒரு கேத்தோடு குளிர்ந்துபோனபோது, ஆக்சிஜனும் நீராவியும் அதன் உமிழ்பரப்பைக் கெடுக்காதபடி மீண்டும் முறையாகப் பதப்படுத்தி எரியவிட எங்களுக்கு ஒன்பது நாட்கள் தேவைப்பட்டன. அந்த ஒன்பது நாட்களில் ஒருமுறை கூடக் கடிந்து பேசாத வாடிக்கையாளரையும், முதல் கலன் மட்டுமே இருந்த நாளிலிருந்து உடன் வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவரையும் நன்றியோடு நினைக்கிறோம்.

தங்கள் வலைகளைக் கலனிலிருந்து எடுக்கும் நாளில் தங்கள் பொறியாளரை அனுப்பி வையுங்கள். கரிப்படிவை நீக்கும் முன்பும் நீக்கிய பின்பும் எங்கள் நுண்ணோக்கியில் அவரே பார்த்து, அரிப்பின் ஆழத்தை அவரே அளந்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
உரிமையாளரும் சோதனைக்கூடப் பணியாளர்களும்