சந்தை நேரத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குத் தரகு நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவை தொடர்பாக, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபிக்கு ஒரு வேண்டுகோளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். சந்தை திறந்திருக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் அழைத்தால், வாங்கவோ விற்கவோ அவர் சொல்லும் ஆணையை அப்போதே நிறைவேற்றவும் ரத்து செய்யவும் அதிகாரம் பெற்ற ஊழியர் ஒருவர் இத்தனை வினாடிக்குள் அந்த அழைப்பை எடுத்தாக வேண்டும் என்பது விதியாக வேண்டும்.

2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகள்) 2025 ஆகஸ்டில் 20 கோடியைத் தாண்டிவிட்டன. புதிதாக வந்தவர்களில் மிகப் பலர் தரகரின் அலுவலகப் படியை மிதிக்காமலே கைப்பேசிச் செயலி வழியாகக் கணக்குத் தொடங்கியவர்கள். முன்பு ஒவ்வோர் ஊரிலும் துணைத் தரகர் ஒருவர் இருந்தார். கணினி பழுதானாலும் நேரில் போய் நின்று கேட்க முடிந்தது. இன்று ஓர் ஆணைக்கு 20 ரூபாய் என்ற குறைந்த கட்டணத்தில் வணிகம் செய்ய முடிகிறது, அது நல்லதுதான். ஆனால் செயலி திறக்காதபோது வாடிக்கையாளர் போய் நிற்பதற்கு இடமும் இல்லை, பேசுவதற்கு ஆளும் இல்லை என்ற நிலை அதனுடன் சேர்ந்து வந்துவிட்டது.

பங்குச் சந்தை காலை 9.15 முதல் பிற்பகல் 3.30 வரை நடக்கிறது. அன்றைக்கே முடிக்க வேண்டிய இன்ட்ராடே வணிகத்தில் இருப்பவருக்கு அதிலும் குறைவான நேரமே உண்டு, 3.15 மணியை ஒட்டித் தரகு நிறுவனங்கள் தாமாகவே அந்த வணிகத்தை முடிக்கத் தொடங்கிவிடும். இந்த நேரத்துக்குள் ஓடிபி வராமல் போனாலோ, கணக்கு பூட்டிக்கொண்டாலோ, நட்டம் ஒரு வரம்பைத் தாண்டாமலிருக்கக் கொடுத்த ஸ்டாப் லாஸ் ஆணை ஏற்கப்பட்டதா இல்லையா என்று திரையில் தெரியாமல் போனாலோ, வாடிக்கையாளரின் நட்டம் நிமிடத்துக்கு நிமிடம் கூடும். இப்படிப்பட்ட நேரத்தில் நான் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தை அழைத்தபோது பதிவு செய்யப்பட்ட குரல் பல எண்களை அழுத்தச் சொன்னது. பிறகு இசை ஒலித்தது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. அரட்டைப் பெட்டியில் கேட்டால் ஒரு கோரிக்கை எண் கிடைத்தது. பதில் வந்தபோது சந்தை மூடியிருந்தது. தொலைபேசி வழியாக ஆணையிடும் வசதியைச் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, அதற்கென்று ஆணைக்கு 50 ரூபாய் வரை தனிக் கட்டணமும் கேட்கின்றன. கட்டணம் போகட்டும், எடுக்கப்படாத தொலைபேசியில் அந்த வசதி இருந்து என்ன பயன்?

2021 பிப்ரவரி 24 அன்று நடந்ததைச் சிறு முதலீட்டாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேசியப் பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு வணிகம் நின்றது. மீண்டும் 3.45 மணிக்குத் தொடங்கி 5 மணி வரை நடக்கும் என்ற அறிவிப்பு, வழக்கமான நேரம் முடிவதற்குச் சற்று முன்புதான் வந்தது. அதற்குள் பல தரகர்கள் வாடிக்கையாளர்களின் பொசிஷன்களை, அதாவது இன்னும் முடிக்கப்படாத வணிகங்களை, மும்பைப் பங்குச் சந்தையில் முடித்துவிட்டிருந்தனர். கோளாறு சந்தையினுடையது என்றாலும், தன் பணம் என்ன ஆகிறது என்று தரகரிடம் கேட்டறிய முடியாமல் தவித்தவர் வாடிக்கையாளரே.

செபி ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 நவம்பரில் அது வெளியிட்ட சுற்றறிக்கை, தரகரின் மின்னணு அமைப்பு தொடர்ந்து ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ செயலிழந்தாலோ தடுமாறினாலோ அதைத் தொழில்நுட்பக் கோளாறாகக் கருதிச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. தரகரின் அமைப்பு முழுவதுமாக முடங்கினால் வாடிக்கையாளர் தம் பொசிஷன்களை முடித்துக்கொள்ள ‘இர்ரா’ என்ற பொதுத் தளம் 2023 அக்டோபரில் வந்தது. தம் கணக்கில் ஐயத்துக்குரிய நடவடிக்கை தெரிந்தால் அதை முடக்கச் சொல்லும் வசதி 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது; வணிக நேரத்தில் அப்படிக் கேட்டால் 15 நிமிடத்துக்குள் முடக்க வேண்டும். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் நிறுவனத்தின் அமைப்பு நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு தனி மனிதரின் கணக்கு மட்டும் திறக்காமல் போனால் இவற்றில் எதுவும் அவருக்கு உதவாது. ஐந்து நிமிடம் செயலி நின்றால் அது கோளாறு. நாள் முழுவதும் தொலைபேசி எடுக்கப்படாவிட்டால் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தரகர்களுக்கான முதலீட்டாளர் சாசனத்தில், நடந்த வணிகத்தின் விவரம் தரும் ஒப்பந்தக் குறிப்பை 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது முதல் பல காலக்கெடுக்கள் இருக்கின்றன. அழைப்பை எடுப்பதற்கு அவ்வாறு ஒரு கெடு இல்லை. செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸில் புகார் செய்யலாம், 21 நாளில் பதில் வரும். பிற்பகல் இரண்டு மணிக்குச் சிக்கிக்கொண்டவருக்கு அந்த 21 நாள் எதற்கு?

மற்ற துறைகளில் இது முடியாத காரியமாக இருக்கவில்லை. ஊழியருடன் பேசக் கேட்கும் அழைப்புகளில் 95 விழுக்காட்டை 90 வினாடிக்குள் எடுக்க வேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தர அளவு வைத்திருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனையைத் தெரிவிக்க வங்கிகள் 24 மணி நேரமும் வழி வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே ஆணையிட்டது. மாதம் சில நூறு ரூபாய் கட்டும் கைப்பேசி இணைப்புக்குக் கிடைக்கும் இந்த உறுதி, வாழ்நாள் சேமிப்பை ஒப்படைத்திருக்கும் இடத்தில் ஏன் கிடைக்கக் கூடாது?

சந்தை சரியும் நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைப்பார்கள், அத்தனை பேருக்கும் ஆள் வைக்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். நியாயமான தடைதான். ஆனால் பதிவு செய்த எண்ணிலிருந்து அழைப்பு வந்த நொடியிலேயே, அழைப்பவருக்கு முடிக்கப்படாத பொசிஷன் இருக்கிறதா இல்லையா என்பது நிறுவனத்தின் கணினிக்குத் தெரியும். அப்படி இருப்பவர்களின் அழைப்பை முதலில் எடுக்கலாம். முகவரி மாற்றமும் கணக்கு அறிக்கையும் கேட்பவர்கள் காத்திருக்கலாம், அதனால் யாருக்கும் நட்டமில்லை. தங்கம், கச்சா எண்ணெய் போன்றவற்றுக்கான பொருள் வணிகச் சந்தை இரவு பதினொன்றரை மணிக்கு மேலும் நடக்கும் நாள்கள் உண்டு. அந்தச் சந்தையில் வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் மாலையிலேயே சேவை மையத்தை மூடுவதை எப்படி ஏற்பது?

மொழியையும் சொல்லியாக வேண்டும். கணக்குத் தொடங்கச் சொல்லி வரும் அழைப்பு நல்ல தமிழில் வருகிறது. சிக்கல் என்று நாம் அழைக்கும்போது ஆங்கிலமோ இந்தியோ பேசத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் ஒருவர், தமக்குப் பழக்கமில்லாத மொழியில் பங்கின் பெயரையும் எண்ணிக்கையையும் விலையையும் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது ஆபத்தானது. எந்த மொழியில் விற்கிறார்களோ அந்த மொழியில் சேவையும் தரட்டும்.

தரகு நிறுவனங்கள் தமக்கு வந்த புகார்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு மாதமும் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அதே பட்டியலில், வணிக நேரத்தில் வந்த அழைப்புகள் எத்தனை, ஊழியர் எடுக்கச் சராசரியாக எத்தனை வினாடி ஆயிற்று, எடுக்கப்படாமலே துண்டிக்கப்பட்டவை எத்தனை என்ற மூன்று விவரங்களையும் சேர்க்கும்படி செபி உத்தரவிட வேண்டும். கணக்குத் தொடங்குமுன் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போல இதையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தரகரைத் தேர்ந்தெடுக்க மக்களால் முடியும்.

இப்படிக்கு,
சிறு முதலீட்டாளரான தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி