சோம்பேறித்தனம் இல்லீங்க, அது கீமோ அசதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல கேன்சர் பேஷன்ட்டுங்க சாப்பாடு பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. மாதுளை, முருங்கக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் சரிதான், ஆனா கடைசியில சோர்வா இருந்தா நல்லா ஓய்வு எடுக்கணும்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இத எழுதுறேன். என் வீட்டம்மாவுக்கு போன வருஷம் மார்புல கேன்சர்னு தெரிஞ்சு, ஆபரேஷன், கீமோ, கரண்ட்டுன்னு சொல்ற ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு இப்ப தேறிட்டு வர்றாங்க. இதுல முதல் கீமோ முழுக்க நான் அவள படுத்தே கெடக்கறியேன்னு திட்டினேன், அடுத்த ரெண்டு கீமோ எழுந்திரிக்கவே கூடாதுன்னு கட்டில்லயே போட்டு வச்சேன். ரெண்டுமே தப்பு. சொல்லிக் குடுக்க ஆள் இல்லாம பண்ணின தப்பு.

நான் விழுப்புரத்துல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கடையில ஒரு பழைய இன்வெர்ட்டர் இருக்கு. ராத்திரி பூரா சார்ஜ் ஏறி காலைல பச்ச லைட்டு காட்டும், கரண்ட் போனதும் ரெண்டு காப்பி எடுத்தா போதும், கீ கீன்னு கத்த ஆரம்பிச்சிடும். கேன்சர் அசதி அப்படித்தான். நாள் பூரா வேலை செஞ்சிட்டு வந்து படுத்தா நமக்கு காலைல சரியாயிடுது, இது பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் போகாது, செஞ்ச வேலைக்கும் வர்ற அசதிக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு நாள் மத்தியானம் தட்டுல ரசம் சாதத்த போட்டுக் குடுத்துட்டு கடைக்கு ஒரு போன் பேசிட்டு வந்து பாக்கறேன், சாதத்துல கைய வச்சபடியே உக்காந்திருக்கா, பெசயவும் இல்ல. என்னம்மான்னு கேட்டா, "வாய் வரைக்கும் தூக்கணும்லங்க, அதுக்குத்தான் கொஞ்சம் தெம்பு சேத்துட்டு இருக்கேன்"னா. திட்டின வாய் அன்னையோட மூடிடுச்சு.

அப்புறம்தான் மூணாவது கீமோ முடிஞ்சு நாலாவதுக்கு போனப்ப வார்டுல ஒரு சிஸ்டர் கேட்டாங்க, அசதிக்கு 0ல இருந்து 10 வரைக்கும் மார்க் போடுங்கம்மா, 10ன்னா இதுக்கு மேல முடியவே முடியாதுன்னு அர்த்தம், நீங்க எத்தனன்னு. இவ யோசிக்காம 8ன்னா. அது வரைக்கும் டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறப்பல்லாம் பரவால்ல டாக்டர்னுதான் சொல்லிட்டு இருந்தா, கேன்சர்னா அசதி இருக்கத்தானே செய்யும், இத போய் என்ன சொல்றதுன்னு, அதுவும் போக அசதின்னு சொன்னா கீமோவ நிறுத்திடுவாங்களோன்னு ஒரு பயம் வேற. 4 வந்தாலே டாக்டர்கிட்ட சொல்லணும், 7, 8 எல்லாம் ரொம்ப அதிகம்னு சிஸ்டர் சொன்னாங்க. உடனே ரத்தம் எடுத்து பாத்தா ஹீமோகுளோபின் 7.8, பொம்பளைங்களுக்கு 12 இருக்கணுமாம். தைராய்டு சுரக்கறதும் கொறைஞ்சு கெடந்துச்சு. விசாரிச்சா, எட்டு வருஷமா தின்னுட்டு இருந்த தைராய்டு மாத்திரைய வீட்டம்மா தானாவே நிறுத்தியிருக்காங்க, இத்தன மாத்திரைல அது ஒண்ணு எதுக்குன்னு! எனக்கே தெரியாது. ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தி, தைராய்டு மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சதும் கொஞ்ச வாரத்துல 8ல இருந்து 5 வரைக்கும் எறங்குச்சு. 0 ஆகல, ஆகும்னு யாரும் சொல்லவும் இல்ல. ரத்தம் கம்மி, தைராய்டு, வலி, தூக்கம் கெடறது, சரியா சாப்பிடாதது, மனசு ஒடைஞ்சு போறது, வேற மாத்திரைங்க, இதெல்லாம் அசதிய ஏத்தி விடுமாம், ஒவ்வொண்ணா தேடிப் பாத்து சரி பண்ணலாம், ஆனா வாயத் தெறந்து சொன்னாத்தான் தேடுவாங்க.

அன்னைலருந்து தினசரி காலண்டர் தாள்ல மார்க் எழுத ஆரம்பிச்சேன், நல்ல நேரம் ராகு காலத்துக்கு பக்கத்துலயே. அதுல ஒரு கணக்கு தெரிஞ்சுது. மருந்து ஏத்தின அன்னைக்கும் மறுநாளும் ஆளு சுறுசுறுப்பு, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பாத்திரம் வெளக்கறா, அது கீமோவோட குடுக்கற ஸ்டீராய்டோட வேலையாம். மூணாம் நாள் பொத்துனு விழுவா, அதுக்கப்புறம் ஒரு வாரம் 7, 8தான், பத்தாம் நாளுக்கு மேல மெல்ல எறங்கும், இருபதாம் நாள் ஆளா தெரிவா, இருபத்தொண்ணாம் நாள் மறுபடி அடுத்த ஊசி. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா மச்சினன் வீட்டு காதுகுத்துக்கு நாலாம் நாள்ல இழுத்துட்டு போயிருக்க மாட்டேன்.

அப்புறம் நடக்க சொன்னாங்க. எனக்கு நம்பிக்கையே இல்ல, சாதம் பெசய முடியாதவள நடக்க சொல்றாங்களேன்னு. என் பொண்ணுதான் 2017ல வந்த ஒரு ஆராய்ச்சிய நம்ம கடையிலயே பிரின்ட் எடுத்து படிச்சுக் காட்டினா, 113 ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்திருக்காங்க, மொத்தம் 11,000 பேருக்கு மேல, அதுல அசதிக்கு மாத்திரைய விட உடற்பயிற்சியும் மனசுக்கான கவுன்சிலிங்கும்தான் நல்லா கேட்டிருக்கு. படுத்தே கெடந்தா தசை கரையுமாம், தசை கரைஞ்சா பாத்ரூம் போறதே மலை ஏறற மாதிரி ஆகும், அதனால இன்னும் படுக்க தோணும். சரின்னு மொத வாரம் வாசல்லருந்து எதுத்த வீட்டு கேட் வரைக்கும், அப்புறம் தெருமுனை பிள்ளையார் கோவில், அங்க திண்ணைல கொஞ்சம் உக்காந்துட்டு திரும்பறது, மார்க் 8 இருக்கற அன்னைக்கு வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம். சீக்கு வந்த பொம்பளைய ரோட்டுல நடக்க விட்டிருக்கான் பாருன்னு தெருவுல பேசினாங்க, பேசட்டும். மத்தியானம் அர மணி நேரத்துக்கு மேல தூங்க விடறதில்ல, ராத்திரி தூக்கம் கெட்டுப் போகுது.

இருக்கற தெம்ப எதுக்கு செலவு பண்றதுன்னு அவளையே முடிவு பண்ண விட்டோம், அதுதான் பெரிய மாத்தம். காய் நறுக்கறது உக்காந்து, குளிக்கறது பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து, துணி அலசறது என் பொறுப்பு. சாயங்காலம் பூ கட்டறத மட்டும் விட மாட்டேன்னுட்டா, சரி கட்டிக்கோன்னு விட்டாச்சு. அதே மாதிரி சொந்தக்காரங்க. ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிட்டு வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசுவாங்க, இவ சிரிச்சுகிட்டே பதில் சொல்வா, அவங்க நல்லாத்தானே இருக்கான்னு சொல்லிட்டு போவாங்க, கதவ சாத்தின உடனே அப்படியே சாஞ்சிடுவா. இப்பல்லாம் கால் மணி நேரம்தான், நானே டைம் ஆச்சு அவ படுக்கணும்னு சொல்லிடறேன், ஒரு சித்தப்பா கோச்சுகிட்டு பேசறதே இல்ல.

கரண்ட் வைக்கிறப்ப அசதி வேற மாதிரி. வாரத்துல அஞ்சு நாள் போகணும், மொத வாரம் ஒண்ணுமே தெரியல, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சேந்துகிட்டே போயி கடைசி வாரத்துலயும் முடிஞ்சு ரெண்டு வாரமும்தான் ரொம்ப படுத்துச்சு. எல்லாம் முடிஞ்சிடுச்சே இன்னும் ஏன் இப்படின்னு அழுதா. மாசக்கணக்குல கூட இருக்கலாம்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்ததால நான் பயப்படல. கீமோ நாட்கள்ல சென்னைக்கு போறப்ப ரயில்ல பேஷன்ட்டுக்கும் கூட போறவங்களுக்கும் கட்டண சலுகை உண்டு, ஆஸ்பத்திரில ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிக் குடுத்தா ஸ்லீப்பர்ல படுத்துட்டே போகலாம், இதுவும் எங்களுக்கு மூணாவது தடவைதான் தெரிஞ்சுது.

ஒண்ணு முக்கியம், அசதிதானேன்னு எல்லாத்தையும் விட்றக் கூடாது. கீமோ நேரத்துல காய்ச்சல் 100.4 தொட்டாலோ, உக்காந்த எடத்துலயே மூச்சு வாங்கினாலோ, தலை சுத்தி விழுந்தாலோ, பேச்சு கொழறினாலோ ராத்திரின்னு பாக்காம கெளம்பிடணும். தெரிஞ்சவங்க குடுக்கற லேகியம், பொடி எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டாம வாயில போட வேணாம்.

உங்க பக்கத்துல எழுதறவங்கள ஒரு நாள் ஏதாவது ஒரு கீமோ வார்டு வாசல்ல போயி உக்கார சொல்லுங்க, கூட வந்த ஆம்பளைங்கள கேக்க சொல்லுங்க, பாதிப் பேரு என்ன மாதிரிதான் இருப்பாங்க. மாதுளைக்கும் முருங்கக்கீரைக்கும் குடுத்த எடத்துல பாதிய இதுக்குக் குடுங்க, அந்த 0 டு 10 மார்க்க கட்டம் கட்டிப் போட்டா வெட்டி காலண்டர்ல ஒட்டிக்குவாங்க.

பேரு போட வேணாம், அவளுக்குப் பிடிக்காது. நேத்து மார்க் 3. தோசை அவதான் ஊத்தினா, அடுப்புகிட்ட ஸ்டூல் போட்டுகிட்டு.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர், விழுப்புரம்