திருவருகைக் காலத்தில் அம்மாவுக்கு

மியூனிக்,
டிசம்பர் 15, 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ்! உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. டூட்டி முடிந்து வந்து தபால் பெட்டியைத் திறந்தால் உங்கள் கையெழுத்து. கையுறையைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டிலேயே நின்று படித்து முடித்தேன். தங்கச்சி வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்தியும் சொல்லிவிடுகிறாள்தான். ஆனாலும் நீங்கள் எழுதினால்தான் வீடு முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் நானும் தாளிலேயே எழுதுகிறேன். தபால் பண்டிகைக்குள் வந்து சேராது, படம் எடுத்து அவளுக்கும் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசிப் பகுதி அப்பாவுக்கு. அதை வாசிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

“பூசைக்குப் போகிறாயா, பாவசங்கீர்த்தனம் செய்தாயா, திருவருகைக் காலம் அங்கே எப்படிப் போகிறது” என்று கேட்டிருந்தீர்கள். போகிறேன் அம்மா. போன சனிக்கிழமை சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். குளிரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அறையில் ஹீட்டர் இருக்கிறது. இரண்டு கம்பளிச் சட்டை சேர்த்துப் போட்டுக்கொண்டால் அதைத் திருகவேண்டிய அவசியமே வருவதில்லை.

குளிரைவிட இருட்டுதான் இங்கே பெரிது. காலையில் சூரியன் தலைகாட்ட எட்டு மணி ஆகிறது, மாலையில் நாலரைக்குள் மறைந்துவிடுகிறது. பகல் டூட்டி என்றால் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. இந்த இருட்டையே இந்த ஊர்க்காரர்கள் செபமாக்கி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் இந்தத் திருவருகைக் கால வாரங்களில் பொழுது விடியுமுன், ஆறு மணிக்கெல்லாம் மாதாவின் பெயரில் ஒரு பூசை உண்டு. ரோராத்தே பூசை என்பார்கள். வானம் மேலிருந்து நீதியைப் பொழியட்டும் என்று எசாயா இறைவாக்கினர் 45-ஆம் அதிகாரத்தில் கேட்கிறாரே, அந்த வசனத்தை லத்தீனில் பாடித்தான் தொடங்குவார்கள். கோயிலுக்குள் ஒரு மின்விளக்குகூட எரியாது. ஆளுக்கொரு மெழுகுதிரிதான். பாட்டுப் புத்தகத்தைத் திரியின் பக்கம் சாய்த்துப் பிடித்தால் இரண்டு வரி தெரியும், அடுத்த வரிக்குப் புத்தகத்தை நகர்த்தவேண்டும். முன்வரிசையில் பாடுகிறவர்களின் மூச்சு புகைமாதிரி மேலே போவது தெரியும். போன வாரம் மெழுகு உருகி என் கையுறையில் சொட்டி உறைந்துவிட்டது, அதை இன்னும் சுரண்டி எடுக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தாலும் இரவுதான். விடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. யாரும் விடிவதைப் பார்க்க நிற்பதில்லை. திரியை ஊதி அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு டிராம் பிடிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது அம்மா. ஆண்டவர் வருவார் என்பது உறுதியாகத் தெரிந்தவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று தோன்றுகிறது.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதியிருந்தேனே, படிக்கட்டில் யார் ஓடினாலும் கதவைத் திறந்து பார்ப்பாரே, அவர் இப்போது எனக்கு ரொம்ப நெருக்கம். ஹாம்பர்க்காரர், லூத்தரன் சபை, எண்பதைத் தாண்டிவிட்டார். இங்கே செப்டம்பரிலேயே கடைகளில் கிறிஸ்துமஸ் பண்டங்களை அடுக்கிவிடுவார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். மரம் வைப்பதும் வாழ்த்துச் சொல்வதும் 24-ஆம் தேதி சாயங்காலத்துக்குப் பிறகுதான். முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டுத் திருவருகை வளையம் கட்டச் சொன்னார். ஊசியிலைக் கிளைகளை வளைத்துக் கம்பியால் சுற்றிக்கொண்டே அதன் கதையையும் சொன்னார். ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய விக்கர்ன் என்ற போதகர், “கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது” என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்ததால், 1839-இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தின்மேல் மெழுகுதிரிகளை நிறுத்தினாராம். வாரநாள்களுக்குச் சின்னச் சின்னச் சிவப்புத் திரிகள், ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள் நான்கு. நம் சபைக்கு அது வந்தது பிறகுதான். 1925-இல் கொலோனில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் வைத்தார்கள், 1930-இல் இந்த மியூனிக்குக்கு வந்தது. கோயில்பிள்ளை பீடத்தருகே திரி ஏற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கத் தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது அது.

அவர் வீட்டு ஜன்னலோரம் ஒரு மரக் குடில் இருக்கிறது. உள்ளே வைக்கோல் மட்டும்தான். மாதாவும் சூசையப்பரும் கழுதையும் அறையின் அந்தக் கோடியில், புத்தக அலமாரி மேல் நிற்பார்கள். தினம் சாயங்காலம் பாட்டி அவர்களை ஒரு சாண் நகர்த்தி வைப்பார். நேற்று ரேடியோப் பெட்டிவரை வந்துவிட்டார்கள். சூசையப்பரின் கைத்தடி எப்போதோ உடைந்துபோய், அதற்குப் பதில் ஒரு தீக்குச்சியைச் செருகியிருக்கிறார். நான் வேலையிலிருந்து வந்ததும் அங்கே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். அவர் ஏதாவது பேசுவார், நானும் பேசுவேன். அதனால் தனியாக இருக்கிறேனே என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

இந்த ஆண்டு ஞாயிறு பூசைக்கு மத்தேயு நற்செய்தி வாசகம் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் ஞாயிறு நோவாவின் காலத்தைச் சொல்லி, விழிப்பாயிருங்கள் என்றார் ஆண்டவர். சின்ன வயதில் அந்த வாசகம் வந்தால் எனக்குப் பயமாக இருக்கும். இப்போது இல்லை. இரவு டூட்டியில் நான் விழித்திருப்பது யாருக்கும் பயந்து அல்லவே. பன்னிரண்டாம் நம்பர் அறையில் இருக்கும் தாத்தா மணி அடிக்கமாட்டார். கட்டிலில் புரளும் சத்தம் மட்டும் கேட்கும், அதற்கே எழுந்து போகவேண்டும். காது அவர் பக்கமே இருக்கும். ஆண்டவருக்காக விழித்திருப்பதும் இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. அவர்மேல் ஒரு காது இருந்துகொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான். புனித பெர்நார்து ஆண்டவரின் வருகை மூன்று என்று சொல்லியிருக்கிறார். பெத்லகேமில் வந்தது ஒன்று, மகிமையோடு வரப்போவது ஒன்று. இரண்டுக்கும் நடுவே, யாருக்கும் தெரியாமல் உள்ளத்துக்குள் வருவது ஒன்று. முதலாவதற்கு நாம் ஆடம்பரமாக விழா எடுத்துவிடுகிறோம். அந்த நடுவருகைக்குத்தான் கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நேற்று மூன்றாம் ஞாயிறு. சிறைக்குள்ளிருந்து திருமுழுக்கு அருளப்பர், வரவேண்டியவர் நீர்தானா, வேறொருவரை எதிர்பார்க்கட்டுமா என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்ட வாசகம். யோர்தானில் அவரைக் கண்டு சாட்சி சொன்னவருக்கே இருட்டறையில் அப்படிக் கேட்கத் தோன்றியிருக்கிறது. ஆண்டவர் அவரைக் கோபிக்கவில்லை, புகழ்ந்துதான் பேசினார். அதற்கு முன் யாக்கோபு திருமுகம். பயிரிடுகிறவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் எப்படிப் பொறுமையாகக் காத்திருக்கிறார் பாருங்கள் என்று வாசித்தார்கள் அம்மா. எனக்கு வயலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கிற அப்பாதான் தெரிந்தார். தோளில் துண்டு, நெற்றியில் வைத்த கை. அதற்குப் பிறகு பூசையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நற்கருணை வாங்கப் போகக்கூட பக்கத்தில் இருந்த பெண் தோளைத் தொட்டுத்தான் எழுப்பினாள். வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடு பேசுவதுமாதிரி கொஞ்ச நேரம் சத்தமாகத் தமிழில் பேசினேன். ஓடிவந்து உங்கள் மடியில் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. இந்தப் பண்டிகைக்கு முடியவில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம். 24-ஆம் தேதி இரவு டூட்டியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளைகுட்டி உள்ளவர்கள் வீட்டில் இருக்கட்டும்.

இனி அப்பாவுக்கு.

அப்பா, சனிக்கிழமை ஆத்துமசோதனை செய்ய உட்கார்ந்தபோது நம் வீடுதான் எனக்கு முன்னால் வந்து நின்றது. பெரியப்பா கோயிலில் வலப்பக்கம், நீங்கள் இடப்பக்கம், சமாதானம் சொல்லும் நேரத்தில் இருவரும் பக்கத்தில் இருப்பவர்களைக் கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்று அம்மா எழுதியிருக்கிறார்கள். கிணற்றுப் பங்கில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஆண்டவருக்கு வழியைச் செம்மையாக்குங்கள் என்று ஞாயிறுதோறும் கேட்டுவிட்டு, நம் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் இடையிலுள்ள முப்பதடி வழியை முள் வைத்து அடைத்தமாதிரி விட்டுவைக்கலாமா? காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போ என்று அவர் சொன்னபோது, நியாயம் யார் பக்கம் என்று கேட்கவில்லை. மனத்தாங்கல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்.

24-ஆம் தேதிக்குள் ஒருமுறை போய்விட்டு வாருங்கள் அப்பா. காலையிலேயே போங்கள், மதியம் மாத்திரை போட்டதும் பெரியப்பா தூங்கிவிடுவார். அண்ணனைக் கூட்டிப்போக வேண்டாம், அவன் கிணற்றுப் பேச்சை எடுத்துவிடுவான். உடம்பு எப்படியிருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் வாய் திறக்காவிட்டால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுங்கள், மறுநாள் மறுபடி போங்கள். நானும் பெரியப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 17-ஆம் தேதியிலிருந்து மாலைச் செபத்தில் ஆண்டவரை ஒவ்வொரு பெயராகச் சொல்லி “வாரும்” என்று கூப்பிடுவார்கள் இல்லையா, ஞானமே, ஈசாயின் தளிரே என்று? 21-ஆம் தேதி, இங்கே பகல் மிகக் குறுகியிருக்கும் நாளில், உதயமே வாரும் என்று வரும். அன்று உங்கள் இருவருக்காகவும் செபிக்கிறேன். அதற்குள் நீங்கள் போய்வந்துவிட்டால் நன்றியாகச் சொல்வேன்.

அம்மா, தங்கச்சியின் நிச்சயதார்த்தத்தைப் பெரியப்பா இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். அவர்தான் முன்னால் உட்கார வேண்டும். தேதி குறிக்கும்முன் அவர் காதில் போடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பிப்ரவரி என்று இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள், ஈஸ்டருக்குப் பிறகு என்று சொன்னால் எல்லோருக்கும் வசதி. இந்த மாதம் டூட்டி மாறியதால் பணம் கொஞ்சம் குறைவாக வரும். ஜனவரியில் சேர்த்து அனுப்பிவிடுகிறேன், அதை நினைத்து யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள். அப்பாவின் சர்க்கரை மாத்திரை தீருமுன் வாங்கி வையுங்கள். பாகப் பத்திரத்தின் நகல் பீரோ மேல்தட்டில் என் சான்றிதழ் கவருக்கு அடியில் இருக்கிறது. சர்வேயர் கேட்டால் பண்டிகை கழிந்து கொடுத்தால் போதும், அதற்கு முன் அண்ணன் கையில் கொடுக்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்